குரல்வளைக்கு வந்த கூச்சம்

போன மாதம் அக்கா மகள் வீட்டில் ஒரு ராத்திரி. அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. தூங்க வைக்கும் நேரம். தொட்டிலுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து ஒரு தாலாட்டைப் போட்டுவிட்டாள். அருமையான குரல். கூடவே வீணை, புல்லாங்குழல்... நடுநடுவே மழைச் சத்தம்கூட! குழந்தைக்குக் கண் சொருகும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இரண்டாவது நிமிடம் சார்ஜ் தீர்ந்து செல்போனும் கண்ணை மூடியது. குழந்தை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டது! தெருக்கோடி வரை கேட்கும்படி ஓர் அழுகை.

“நீயே பாடேன்மா!” என்றேன்.

“ஐயோ மாமா... நான் பாடினா கழுதை கத்துற மாதிரி இருக்கும்!”

இருட்டில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஆயிரம் பாட்டு தெரியும். முதல் இரண்டு விநாடி வயலினைக் கேட்டே ‘இன்ன படம், இன்னார் மியூசிக்’ என்று பந்தயம் கட்டி ஜெயிக்கக்கூடிய ஆசாமிகள். ஆனால், ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட! அப்புறம் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி.

நீங்கள் கடைசியாக இன்னொரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்து, வாய்விட்டு ஒரு பாட்டு பாடியது எப்போது? (குளியலறை கணக்கில் சேராது!) மெதுவாக யோசியுங்கள். அதற்குள் நாம் 1906-ம் வருடத்து வாஷிங்டன் வரை போய்விட்டு வந்துவிடலாம். ஏனென்றால், அக்கா மகள் வீட்டில் நடக்கப்போவதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அங்கே சொல்லிவிட்டார்.

அவர் பெயர் ஜான் ஃபிலிப் சூஸா. பெரிய மீசைக்காரர். ராணுவ பேண்டு அணிவகுத்துப் போகும்போது வாசிக்கிற மிடுக்கான மெட்டுகளை எழுதிக் குவித்து, ‘மார்ச் ராஜா’ என்று பெயர் வாங்கியவர். 1906 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னால் வந்து நின்று ஒரு புகார் சொன்னார். புகார் மனிதர்கள் மீது அல்ல... பேசும் இயந்திரத்தின் மீது! அதாவது, கிராமபோன்.

‘நான் சின்னப் பையனாக இருந்தபோது, கோடைக்கால சாயந்திரங்களில் எல்லா வீட்டு வாசலிலும் இளவட்டங்கள் கூடிப் பாடிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் இயந்திரங்கள் ராத்திரி பகலாக இரைந்துகொண்டிருக்கின்றன’ என்கிற ரீதியில் ஆரம்பித்தவர், அதோடு விடவில்லை. குரங்கிலிருந்து மனிதன் வந்தபோது வால் காணாமல் போனது இல்லையா... அதே மாதிரி இனிமேல் மனிதனின் குரல் நாண்களும் உபயோகமில்லாமல் உதிர்ந்து போய்விடும் என்று ஒரு போடு போட்டார்!

அதே வருடம் ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, இனிமேல் அம்மாக்கள் தாலாட்டுப் பாடுவார்களா, இல்லை குழந்தைகளை இயந்திரமே தூங்க வைத்துவிடுமா என்பது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியது 1906!

சூஸாவுக்கு இதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. அவருடைய மெட்டுகளை இசைத்தட்டிலும், தானாகவே வாசிக்கும் பியானோக்களிலும் போட்டு கம்பெனிகள் காசு பார்த்தன. எழுதியவருக்கு அதில் தம்பிடி கிடையாது. 1909-ல் அமெரிக்காவில் புதிய காப்புரிமைச் சட்டம் வந்து, ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று விதித்தது. அந்த வழக்கில் சூஸா ஜெயித்துவிட்டார் என்றே சொல்லலாம். ஆனால், குரல்வளை வழக்கு இன்னும் முடியவில்லை!

சூஸாவின் கோபம் புரிய வேண்டும் என்றால், இயந்திரம் வருவதற்கு முன்னால் பாட்டு எப்படி ‘விற்றது’ என்று தெரிய வேண்டும். 1892-ல் சார்லஸ் ஹாரிஸ் என்பவர் ‘ஆஃப்டர் தி பால்’ என்றொரு பாட்டை வெளியிட்டார். பல லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. எது விற்றது? காகிதம்! சுரக்குறிப்பு அச்சடித்த தாள். பாட்டை வாங்குவது என்றால், அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் யாராவது பியானோ வாசிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று பாடுவது. நீங்கள் பாடாவிட்டால் பாட்டு கிடையாது. அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்தக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. ஏற்றம் இறைத்தால் அதற்கு ஒரு பாட்டு. நாற்று நட்டால் ஒரு பாட்டு. கல்யாண நலங்குக்கு ஒன்று, கும்மிக்கு ஒன்று. பிறந்தால் தாலாட்டு, செத்தால் ஒப்பாரி. இதிலெல்லாம் பாடகர் தனி, ரசிகர் தனி என்ற பிரிவினை பெரிதாகக் கிடையாது. நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள்; மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று மார்க் போட, அங்கே நடுவர்கள் யாரும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை!

முக்கியமான இன்னொரு விஷயம், அந்தப் பாட்டுகளுக்கு ‘ஒரிஜினல்’ கிடையாது. உங்கள் பாட்டி பாடிய தாலாட்டும் பக்கத்து ஊர்ப் பாட்டி பாடிய தாலாட்டும் வேறு வேறு. இரண்டுமே சரி. ஒரிஜினல் என்று ஒன்று இருந்தால்தானே ‘தப்பாகப் பாடிவிட்டாய்’ என்று சொல்ல முடியும்?

அந்த ஒரிஜினல் இந்தியாவுக்கு வந்து இறங்கியது 1902-ல், கல்கத்தாவில்.

லண்டன் கிராமபோன் கம்பெனியிலிருந்து ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் மூட்டை முடிச்சுகளோடு கப்பலில் வந்து சேர்ந்தார். ஓட்டல் அறை ஒன்றுதான் ஸ்டூடியோ. அந்த வருடம் நவம்பரில், கல்கத்தாவின் புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் உடம்பு முழுக்க நகைகளோடு வந்து, ஒரு பெரிய தகரக் கூம்புக்கு முன்னால் நின்று பாடினார். மைக் கண்டுபிடிக்காத காலம். கூம்புக்குள் முகத்தை விடாத குறையாக நின்று, உரக்கப் பாட வேண்டும். மெல்லிய குரல் என்றால் மெழுகில் பதியாது.

ராத்திரி முழுக்க விஸ்தாரமாகப் பாடிப் பழகியவரிடம், ‘உங்களுக்கு மூன்று நிமிடம்தான்’ என்றால் எப்படி இருக்கும்? கௌஹர் ஜான் அசரவில்லை. ராகத்தைப் பிழிந்து சாறெடுத்து அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார். பாட்டு முடிந்ததும், ஆங்கிலத்தில் தன் பெயரை உரத்த குரலில் சொல்வார். பந்தா இல்லை... அப்போது தட்டுகள் தயாரானது ஜெர்மனியில் உள்ள ஹானோவர் தொழிற்சாலையில். அங்கே இருக்கிறவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் அந்த அறிவிப்பு!

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தட்டுகள் செய்யப்பட்டது அரக்கில். மரக்கிளைகளில் பூச்சி கட்டுகிற அரக்கு. உலகச் சந்தைக்கு அதில் பெரும் பங்கு போனது இந்தியாவிலிருந்துதான். ஆக, நம் காட்டு அரக்கு கப்பலேறி ஜெர்மனி போய், நம் பாட்டையே சுமந்துகொண்டு, விலையோடு திரும்பி வந்தது.

இசைத்தட்டு செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரை நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்றால், அரண்மனையிலோ, ஜமீன்தார் வீட்டிலோ, சபாவிலோ உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அந்த இடம் கிடைத்துவிடவில்லை. ஜாதி தடுத்தது, காசு தடுத்தது, பெண் என்பது தடுத்தது. இசைத்தட்டு எந்த ஜாதி என்று கேட்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும், திண்ணையில் உட்கார்ந்தவருக்கும் ஒரே கிட்டப்பாதான், ஒரே கே.பி.சுந்தராம்பாள்தான். சபா வாசலில் நிற்க முடியாதவர்களின் காதுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதனால், ‘அந்தக் காலம் மாதிரி வருமா சார்!’ என்று பெருமூச்சு விடுகிற கட்டுரை இது இல்லை.

ஆனாலும், கூடவே இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்தது. நாடக மேடையில் கிட்டப்பா ஒரே பாட்டை ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு மாதிரி பாட முடியும். ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் இன்னொரு மாதிரி. தட்டில் பதிந்துவிட்டாலோ, அது என்றைக்கும் ஒரே மாதிரிதான். நூறு தடவை கேட்டவருக்கு அந்த ஒரு மாதிரிதான் ‘சரி’ என்று மனசில் விழுந்துவிடும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் அதையே பாடினால், ‘தட்டுல இருக்கிற மாதிரி இல்லையே!’ என்பார். கூச்சத்தின் முதல் விதை விழுந்தது இங்கேதான்.

1925 வாக்கில் மின்சார மைக் ஒலிப்பதிவுக்குள் வந்தது. இனிமேல் கத்த வேண்டியதில்லை. காதோரம் ரகசியம் பேசுகிற மாதிரிகூடப் பாடலாம். 1931-ல் தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தபோது, பாடத் தெரிந்தால்தான் நடிக்க முடியும் என்ற நிலைமை. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க, நடிகர் நடித்தபடியே பாட வேண்டும். தொண்டை கட்டினால் படப்பிடிப்பும் கட்!

1935-ல் நிதின் போஸ் எடுத்த ‘தூப் சாவோன்’ என்ற இந்திப் படம் புது வழி காட்டியது. பாட்டைத் தனியாக முன்பே பதிவுசெய்துவிட்டு, படப்பிடிப்பில் வாயசைத்தால் போதும். தமிழில் 1938-ல் ஏவி.மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில், நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது! கொஞ்ச காலத்தில் நமக்கு அது பழகிப்போய், எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். குரல், சிவாஜிக்கும் டி.எம்.எஸ். குரல் என்பதில் நமக்கு எந்தச் சங்கடமும் வரவில்லை. அவரவர் முகத்துக்கு ஏற்றபடி குரலை மாற்றிப் பாடிய டி.எம்.எஸ்ஸின் சாமர்த்தியம் அப்படி.

இதன் அர்த்தம் என்ன தெரியுமா? அழகான முகம், அழகான குரல் இரண்டும் சேர்ந்த ஓர் ஆள் திரையில் வருகிறார். அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை! அவரோடு நாம் நம்மை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் டெல்லியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போனால் வரலாறு மன்னிக்காது. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக பி.வி.கேஸ்கர் வந்தார். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அது விளம்பரம் என்றார்கள். கடுப்பான தயாரிப்பாளர்கள், ‘எங்கள் பாட்டே உங்களுக்கு வேண்டாம்’ என்று உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதே வானொலி, 1940-ல் ஆர்மோனியத்தையும் வெளியே நிறுத்திவைத்தது. ‘நம் ராகத்துக்கு ஒத்துவராத பெட்டி’ என்று சொல்லி, 1971 வரை அந்தத் தடை! நாடகக்காரரும் பஜனைக்காரரும் தோளில் தூக்கிச் சுமந்த பெட்டிக்கு ஏறக்குறைய முப்பது வருடத் தீண்டாமை.

மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, கோஷம் போடவில்லை. ரேடியோவின் குமிழைத் திருகி, ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள்! அங்கே 1952 டிசம்பரில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ ஆரம்பித்து, இந்தியா முழுக்கக் கட்டிப்போட்டது. தமிழில் மயில்வாகனன், பிற்பாடு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டார்கள். ‘இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்...’ என்று ஊர் பேரோடு வாசிக்கிற பட்டியலில் தன் பெயர் வராதா என்று போஸ்ட் கார்டு எழுதிப் போட்டவர்களில், இதைப் படிக்கிற சிலரும் இருப்பீர்கள். கடைசியில், 1957 அக்டோபரில் விவித் பாரதியை ஆரம்பித்து, சினிமாப் பாட்டுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது அதே டெல்லி!

யோசித்துப் பாருங்கள். ‘உன் ரசனை மட்டம்’ என்று ஓர் அமைச்சரே சொன்னபோது, நாம் கூச்சப்படவில்லை. போய்யா என்று குமிழைத் திருகினோம். ஆனால், ‘உன் குரல் மட்டம்’ என்று யாரும் சொல்லாமலேயே வாயை மூடிக்கொண்டோம். ஏன்?

கேசட் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த அந்தக் கையகலப் பெட்டிக்குள் ஒரு புரட்சியே இருந்தது. அதுவரை வந்த இசைத்தட்டும் ரேடியோவும் நமக்குக் கேட்கும் உரிமையைத்தான் கொடுத்தன. டேப் ரெக்கார்டரோ பதிவுசெய்யும் உரிமையையும் கொடுத்தது. ஒரு சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும், நீங்களும் கௌஹர் ஜான்தான்! அந்த டேப்பில் நாம் என்ன செய்தோம்? பெரும்பாலும் தெருமுனை மியூசிக் சென்டருக்குப் போய், கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி வந்தோம். ‘ஏ’ பக்கம் சோகம், ‘பி’ பக்கம் காதல்!

எப்போதாவது ஒரு தடவை, ஆசையாக நம் குரலையும் பதிந்து கேட்டிருப்போம். கேட்டதும் முகம் சுளித்திருப்போம். “சீ... இது என் குரலே இல்ல!” அனேகமாக எல்லோருக்கும் நடந்த விபத்து இது. காரணம் விஞ்ஞானம்தான். நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழியே வருவது குரலின் கனமான அடித்தட்டு ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். டேப்பில் அந்த எலும்பு இல்லை. வெறும் காற்று வழிக் குரல்தான். அதனால் மெலிசாக, யாரோ மாதிரி கேட்கிறது. குரலில் ஒரு குற்றமும் இல்லை. பழக்கமில்லாத பக்கத்திலிருந்து கேட்கிறோம், அவ்வளவுதான். ஆனால், அன்றைக்கு மூடிய வாய்கள் எத்தனையோ!

1979 ஜூலையில் ஜப்பானில் சோனி கம்பெனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. முதல் மாடலில் ஹெட்போன் மாட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தன. தனியாக ஓர் ஆள் மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டே போவது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டாவுக்குக் கவலை! கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் குறைந்து, இருவரும் பேசிக்கொள்ளலாம். அவர் பாவம், வீணாகக் கவலைப்பட்டார். ஜனங்கள் தனியாகக் கேட்பதற்குத்தான் அதை வாங்கினார்கள். அடுத்து வந்த மாடல்களில் ஆரஞ்சு பட்டன் போயே போய்விட்டது. இன்றைக்கு ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால், ஐம்பது காதுகளில் ஐம்பது பாட்டு.

சரி, நாம் வெட்கப்பட்டு ஒப்பிட்டுக்கொள்கிற அந்த ஒரிஜினல் குரலாவது நிஜமா?

ஒரு காலத்தில் நிஜம்தான். முப்பது நாற்பது வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே ஸ்டூடியோவில் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிவு செய்தார்கள். கடைசிச் சரணத்தில் யாராவது ஒருவர் பிசகினாலும், மறுபடி முதலிலிருந்து! அந்தப் பாட்டில் கேட்கிற குரல், ஓர் ஆள் ஒரு மூச்சில் பாடிய குரல். பிற்பாடு பல டிராக் ஒலிப்பதிவு வந்தது. வரி வரியாக, சில சமயம் வார்த்தை வார்த்தையாகப் பாடி ஒட்டிக்கொள்ளலாம் என்றானது.

1997-ல் வந்தது ‘ஆட்டோ-டியூன்’. கண்டுபிடித்த ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேடுகிற வேலை! நிலத்துக்குள் அதிர்வுகளை அனுப்பி, திரும்பி வரும் அலைகளைக் கணக்குப் போட்டு ஆராயும் துறை. அதே மாதிரிக் கணக்கைக் குரலில் போட்டார். பாடகரின் சுருதி எங்கே விலகுகிறது என்று கண்டுபிடித்து, காதைத் திருகிச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும் மென்பொருள். 1998-ல் ஷெர் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘பிலீவ்’ பாட்டில், அதை மறைக்காமல் வெளிப்படையாகவே உபயோகித்தார்கள். உலகமே ஆடியது. சுருதி சுத்தமாக இருக்க இனிமேல் தொண்டை சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆக, அக்கா மகள் எந்தக் குரலோடு தன்னை ஒப்பிட்டு ‘கழுதை’ என்று சொல்லிக்கொண்டாளோ, அந்தக் குரலே அப்படி இல்லாமல் இருந்திருக்கலாம்! பத்திரிகை அட்டைப்படத்தில் பளபளவென்று திருத்திய முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து வருத்தப்படுகிற கதைதான்.

கேட்பவராகவாவது நமக்கு மரியாதை மிஞ்சியிருக்கிறதா? ஸ்பாட்டிஃபை மாதிரியான சேவைகளில் ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் ‘ஒரு தடவை’ என்று கணக்கு. அதற்குள் நாம் தாண்டிப் போய்விடக் கூடாதே என்று பாட்டு எடுத்த எடுப்பிலேயே நம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு நிமிடம் நின்று நிதானித்து வருகிற முன்னிசைக்கெல்லாம் இப்போது யாருக்குத் தைரியம் இருக்கிறது? கௌஹர் ஜானுக்கு மூன்று நிமிடமாவது கொடுத்தார்கள். இன்றைக்கு 30 விநாடி!

இந்தக் கதையில் சூஸா சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஓர் இடமும் உண்டு. ஜப்பானில் கோபே நகரம். மது விடுதிகளில் வாடிக்கையாளர்கள் பாட, கூடவே வாத்தியம் வாசிப்பவர் இனோவே டைசுகே. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்கு இவரைத் துணைக்கு அழைத்தார். போக முடியவில்லை. வாத்திய இசையை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். முதலாளி அதை வைத்தே பாடி அசத்திவிட்டார்! பொறி தட்டியது. 1971-ல் காசு போட்டால் பாட்டில்லாமல் வெறும் வாத்தியம் மட்டும் ஒலிக்கிற பெட்டிகளைச் செய்து, விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டார். அதே யோசனை அதற்கு முன்பே அங்கே வேறு சிலருக்கும் வந்திருந்தது. ஆனாலும், உலகம் முழுக்கக் ‘கரோகே’ என்றால் இனோவே பெயரைத்தான் சொல்கிறார்கள். ‘காலி ஆர்கெஸ்ட்ரா’ என்று அதற்கு அர்த்தம். காலியாக இருக்கிற அந்த நாற்காலி உங்களுக்கு!

மனிதர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. கோடிகளை விட்டுவிட்டார். 2004-ல் அவருக்கு ‘இக் நோபல்’ அமைதிப் பரிசு கொடுத்தார்கள். நோபல் பரிசைக் கிண்டல் செய்து, முதலில் சிரிக்கவும் அப்புறம் சிந்திக்கவும் வைக்கிற கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பரிசு. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாராம்! சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். சுருதி சேராத ஒருவருடைய பாட்டை மூன்று நிமிடம் முகம் கோணாமல் கேட்டு, கை தட்டுவது சாதாரணப் பண்பாடா? நம் பாட்டிமார்கள் காலத்தில் அது இயல்பாக இருந்தது. ஜப்பானியர் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு நமக்குத் திருப்பித் தந்தார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து இத்தாலி முழுக்கக் கதவடைத்தபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சாயந்திரமானால் ஜனங்கள் அவரவர் பால்கனியில் வந்து நின்று பாடினார்கள். எதிர்வீட்டுக்காரர் சேர்ந்து பாடினார். உலகத்துப் பாட்டெல்லாம் அவர்கள் செல்போனுக்குள்தான் இருந்தது. இருந்தும், உயிர்ப் பயம் வந்த நேரத்தில் கை செல்போனைத் தேடவில்லை; வாய் பாடியது. குரல்வளை உதிர்ந்து போகும் என்ற விஷயத்தில் சூஸாவின் ஜோசியம் பலிக்கவில்லை. அது பத்திரமாகத்தான் இருக்கிறது. கூச்சம் என்ற தூசு படிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அக்கா மகள் வீட்டு இருட்டுக்கு வருவோம்.

குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்க, பின்கட்டிலிருந்து சுவரைத் தடவித் தடவி என் பெரியம்மா வந்தாள். எண்பதைத் தாண்டியவள். தொட்டில் கயிற்றைப் பிடித்தாள், ஆரம்பித்துவிட்டாள். குரல் என்று சொல்ல முடியாது. பாதி காற்று, பாதி கரகரப்பு. சுருதியாவது தாளமாவது! தாலாட்டில் மாமனையும் அத்தையையும் வம்புக்கு இழுப்பது வழக்கம் இல்லையா? என்னையும் இழுத்தாள். ‘பட்டணத்திலிருந்து வெறுங்கையோடு வந்த மாமன்’ என்ற அர்த்தத்தில் ஏதோ வந்தது. கரண்ட்டை எடுத்த புண்ணியவான் யாரோ, அவரும் தப்பவில்லை. செத்துப்போன செல்போனும் பாட்டுக்குள் வந்தது! எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தை விசும்பலாகி, பெருமூச்சாகி, அடங்கியது.

அந்தப் பாட்டு அதற்கு முன்னால் உலகத்தில் இல்லை. மறுநாள் கேட்டால் அவளாலேயே திருப்பிப் பாட முடியாது. அந்த ஒரு ராத்திரிக்கு, அந்த ஒரு தொட்டிலுக்காகக் கட்டிய பாட்டு. எந்தக் கம்பெனியின் எந்த இயந்திரத்திலும் என் பெயரும் எங்கள் வீட்டு இருட்டும் சேர்ந்து ஒரு தாலாட்டில் வராது.

அக்கா மகள் மெதுவாகத் தொட்டில் கயிற்றில் தானும் கை வைத்தாள். “பாட்டி... அடுத்த வரி என்ன பாட்டி?” என்று கேட்டாள்.

“என்னடி அடுத்த வரி?” என்றாள் பெரியம்மா. “வாயில வர்றதுதான். பாடு!”